650 சிசி பைக்குக்கு லாரி ஆயில் போதுமா?

ஒரகடம் ரைடர்:
ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650 பைக்கின் கையேடு 10டபிள்யூ-50 செமி சிந்தெடிக் ஆயிலையும், பைக் ஆயில்களுக்கான ஜப்பானிய தரமான ஜாசோ எம்ஏ2-வையும் கேட்கிறது. மூன்று லிட்டருக்கு மேல் பிடிக்கும் எஞ்சின் என்பதால் ஒவ்வொரு முறையும் செலவு கையைக் கடிக்கிறது. லாரிகளுக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 டீசல் ஆயிலே போதும் என்பது என் வாதம். முதல் எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கானது. எஞ்சின் சுழலும் அளவுக்கு ஆயில் இளகியிருக்கிறதா என்று 10டபிள்யூவை மைனஸ் 25 டிகிரியிலும், 15டபிள்யூவை மைனஸ் 20 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். மார்கழியிலும் 20 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும் சென்னையில் அந்த வேறுபாட்டுக்கு நாம் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

கிளட்ச் பிளேட்:
முதல் எண்ணைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன் நண்பரே, ஆனால் கேள்வி அங்கே இல்லை. லாரியின் கிளட்ச் எஞ்சின் ஆயிலைத் தொடாமல் உலர்ந்தே இயங்குகிறது, கியர்பாக்ஸுக்கும் வேறு ஆயில். நம் வண்டியிலோ கிராங்க், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே ஆயிலில் நனைகின்றன. வழவழப்பைக் கூட்டும் மாலிப்டினம் போன்ற சேர்மானங்கள் பிளேட்டுகளின் பிடிப்பைக் கெடுக்கக்கூடும் என்பதால்தான் ஜப்பானியர் 1998-இல் ஜாசோ தரத்தை வகுத்தார்கள். அதன் எம்ஏ வகையில் பிடிப்பு கூடுதலாக உள்ள ஆயில்களே பின்னர் எம்ஏ2 என்று பிரிக்கப்பட்டன. மலையேறும்போது ஆர்பிஎம் மட்டும் உயர்ந்து வேகம் கூடாமல் நின்றால், மிச்சம் பிடித்த பணம் ஒரு கிளட்ச் செட்டுக்குக் காணாது.

ஒரகடம் ரைடர்:
அந்தச் சேர்மானங்கள் பெரும்பாலும் எரிபொருளை மிச்சப்படுத்தும் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய கார் ஆயில்களில்தான் இருக்கின்றன. அமெரிக்காவில் கிடைக்கும் ஷெல் ரொட்டெல்லா போன்ற சில லாரி ஆயில்கள் ஜாசோ எம்ஏ தரத்தையே எட்டுகின்றன. எனவே டீசல் ஆயில் என்றாலே கிளட்ச் வழுக்கும் என்பது சரியாகாது.

பட்டறைக்காரன்:
அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி, ஆனால் கேனில் அந்தத் தரம் அச்சிடப்பட்டிருந்தால் மட்டுமே. நம் கடைகளில் கிடைக்கும் சிஐ-4 பிளஸ் என்ற டீசல் ஆயில் தரக் கேன்கள் பலவற்றில் அது இருப்பதில்லை. அதோடு, எரிந்தபின் மிஞ்சும் சாம்பலுக்கு ஜாசோ 1.2 விழுக்காடு என்று வரம்பு வைத்திருக்கிறது, சிஐ-4 தரத்தில் அப்படி வரம்பே இல்லை. சைலன்சரில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள பிஎஸ்6 வண்டிக்கு இது சின்ன விஷயம் அல்ல.

என் பெரிய கவலை, சூடான எஞ்சினில் ஆயில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்று சொல்லும் இரண்டாம் எண்தான். 100 டிகிரியில் 40 ரக ஆயிலின் பாகுத்தன்மை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் வரை, 50 ரகம் 16.3-இல்தான் தொடங்குகிறது. இந்த 650 எஞ்சினுக்கு ரேடியேட்டரில் ஓடும் கூலன்ட் கிடையாது, காற்றும் ஆயிலும்தான் அதைக் குளிர்விக்கின்றன. அண்ணா சாலை நெரிசலில் காற்றும் நின்றுவிட்டால் முழுச் சுமையும் ஆயிலின் மேல்தான் விழுகிறது. போதாததற்கு, கியர் பற்கள் ஆயிலின் தடிப்பைக் காக்கும் பாலிமர்களை அறுத்துக்கொண்டே இருப்பதால் நாளாக நாளாக அது மெலிகிறது. 50-இல் தொடங்கியது 40-க்கு இறங்கினாலும் எஞ்சின் தாங்கும், 40-இல் தொடங்கியது எங்கே போய் நிற்கும்?

ஒரகடம் ரைடர்:
நெரிசல் பற்றிய வாதத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் ராயல் என்ஃபீல்டின் பழைய 350, 500 எஞ்சின்களுக்கென விற்கும் 15டபிள்யூ-50 ஆயில் எம்ஏ2 முத்திரையோடு மலிவாகக் கிடைத்தால், அதையும் மறுப்பீர்களா?

பட்டறைக்காரன்:
வாரன்டி முடிந்த வண்டி, சமவெளி ஓட்டம், கேனில் எம்ஏ2 என்ற மூன்றும் பொருந்தினால் மறுக்க மாட்டேன். வாரன்டி இருக்கும்வரை கையேட்டில் உள்ளதையே ஊற்றி, பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள்.

கிளட்ச் பிளேட்:
நான் அதற்கும் உடன்பட மாட்டேன். குளிர்காலத்தில் லடாக் போகிறவர்களும் இதைப் படித்துவிட்டு அதே 15டபிள்யூ ஆயிலோடு கிளம்பிவிடுவார்கள். அங்கே முதல் எண்ணும் முக்கியம்.