வயலினுக்குக் குடல் தந்தி: வாசித்துப் பழகியவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். கொரெல்லி, விவால்டி, பாக் என்ற 17, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசையமைப்பாளர்களின் இசையை அவர்கள் காலத்து முறையில் வாசிக்கப் பழக ஆசை. என்னிடம் இருப்பது சாதாரண வயலின்தான். ஸ்டீல் தந்திகளைக் கழற்றிவிட்டு ஆட்டுக்குடலில் செய்த தந்திகளை மாட்டி, சுருதியையும் 440 ஹெர்ட்ஸிலிருந்து 415-க்கு, அதாவது ஏறக்குறைய அரை ஸ்வரம், இறக்கலாம் என்றிருக்கிறேன்.

ஆசையைக் கிளப்பியவர் பழைய கால வாத்தியங்களில் வாசிக்கும் கான்சென்டஸ் மியூசிகஸ் குழுவை 1953-இல் வியன்னாவில் தொடங்கிய இசை நடத்துநர் ஹார்னன்கோர்ட். அவரும் ஹார்ப்சிகார்ட் கலைஞர் லியோன்ஹார்ட்டும் பதிவுசெய்த பாக் கன்டாட்டாக்களை (பாடகர்களும் வாத்தியங்களும் சேர்ந்த இசைப் படைப்புகள்) கேட்டுப் பாருங்கள். வில் தந்தியைப் பற்றும்போது வரும் சின்னக் கரகரப்பு, ஒவ்வொரு ஸ்வரமும் எழும்பிச் சட்டென்று தணிவது, எல்லாம் ஒருவர் நம்மிடம் நேரில் பேசுவது போலவே இருக்கும். விடாமல் வைப்ராட்டோ (விரலை அசைத்து ஸ்வரத்தை அதிர வைப்பது) போட்டு வழுவழுவென்று இழுப்பதைவிட எனக்கு இதுதான் பிடிக்கிறது.

சரி, சந்தேகங்களுக்கு வருகிறேன். நான்கு தந்தியும் வெறும் குடலாகவே இருக்க வேண்டுமா, கனமான ஜி தந்தி மட்டும் உலோகக் கம்பி சுற்றியதாக இருக்கலாமா? மெல்லிய ஈ தந்தி உங்களுக்கு எவ்வளவு நாள் தாங்குகிறது? பழைய பாணி வில் வெளிப்பக்கம் வளைந்து, நுனி இலேசாக இருக்குமே, கையில் இருக்கும் பணத்துக்கு முதலில் அதை வாங்குவதா, தந்தியை மாற்றுவதா?

அப்புறம் முக்கியமான ஒன்று. பழைய பாணி வயலின் கலைஞர் சிகிஸ்வால்ட் குய்க்கன் வயலினைத் தாடையால் அழுத்திப் பிடிக்காமலே வாசிப்பார். அப்படி வாசிப்பவர்கள் யாராவது இருந்தால், இடது கை மேல் ஸ்தானத்திலிருந்து கீழே இறங்கும்போது வயலின் நழுவாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். சின்ன வீடியோ போட்டால் ரொம்ப உதவியாக இருக்கும்.