பெயர் மறைச்ச வைஃபையை போன் தானாப் பிடிக்குதில்லை, அவசரம்

வேலியோரம் · காலை 6:12
ரவுட்டரில வைஃபைப் பெயரை மறைச்சதில இருந்து போன் தானா கனெக்ட் ஆகுதில்லை. வெளியில போட்டு வந்தாலும் இல்லை, கரண்ட் போய் வந்தாலும் இல்லை. பாஸ்வேர்ட் மாத்தேல்லை. பெயரைத் திரும்பக் காட்டினா அந்த நிமிசமே பிடிக்குது. ஏழு மணிக்குப் பிள்ளைக்கு சூம் வகுப்பு. தெரிஞ்ச ஆக்கள் கெதியாச் சொல்லுங்கோ.

கீரிமலைக்காத்து · காலை 6:20
என்ன போன், எத்தினை போன்? அன்ட்ரொயிட் எத்தினையாவது? வைஃபை 2.4 ஜிகாவிலயோ, 5 ஜிகாவிலயோ? வைஃபை செற்றிங்ஸில அந்தப் பெயருக்குக் கீழ என்ன எழுதியிருக்கு? அதைச் சொல் மாறாமல் போடுங்கோ. 'சேமிக்கப்பட்டது' எண்டு இருந்தா ஒரு வருத்தம், 'ஐபி முகவரி பெறுகிறது' எண்டு நிண்டா வேற வருத்தம். இப்ப வகுப்புக்குப் பெயரைக் காட்டிவிடுங்கோ, பிறகு ஆறுதலாப் பாப்பம்.

கோண்டாவில்_சந்தி · காலை 6:31
இது மக் அட்ரஸ், அதாவது போனின்ர வைஃபை அடையாள எண், அதின்ர பிரச்சினை. அன்ட்ரொயிட் 10 இல இருந்தும் ஐபோனில ஐஓஎஸ் 14 இல இருந்தும் போன் தன்ர உண்மையான மக்கைக் குடுக்காது, ஒவ்வொரு வைஃபைக்கும் வேற ஒண்டை உண்டாக்கிக் குடுக்கும். ரவுட்டரில மக் ஃபில்ற்றர் (பட்டியலில உள்ள மக்கை மட்டும் விடுற செற்றிங்) இருந்தா அது பட்டியலில இல்லாத ஆள், உள்ள விடாது. நெட்வேர்க் பெயரைத் தட்டி, 'பிரைவசி'க்குள்ள போய் 'டிவைஸ் மக்' எண்டதை எடுங்கோ. உண்டாக்கின மக்கைக் கண்டுபிடிக்கிறது லேசு: அதின்ர இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இந்த நாலில ஒண்டா இருக்கும்.

பழைய_மொடெம் · காலை 6:58
இந்தக் கேள்வி இஞ்ச எத்தினையோ தரம் வந்திட்டுது. தேடிப் பாத்துப்போட்டுக் கேக்கிற பழக்கம் ஒருத்தருக்கும் இல்லை. மொடல் இல்லை, 2.4 ஆ 5 ஆ எண்ட பாண்ட் இல்லை, அதுக்குள்ள எந்த அலைவரிசை எண்ட சனல் இல்லை. இப்பிடிக் கேட்டா ஆரும் உதவ ஏலாது. பெயரை மறைக்கிறது பாதுகாப்பில்லை எண்டது முதலாம் வகுப்புப் பாடம். மறைப்பை எடுங்கோ, பிரச்சினை முடிஞ்சுது.

வேலியோரம் · காலை 8:40
மன்னிக்கோணும், அவசரத்தில போட்டது. சாம்சுங், அன்ட்ரொயிட் 13. மற்றது ரெட்மி, அன்ட்ரொயிட் 11. இரண்டிலயும் 'சேமிக்கப்பட்டது' எண்டு மட்டும் இருக்கு. மக் ஃபில்ற்றர் இல்லை. சாம்சுங் 2.4 ஜிகாவில, ரெட்மி 5 ஜிகாவில. பெயர் வேற வேற, இரண்டையும் மறைச்சிருக்கு.

கோண்டாவில்_சந்தி · காலை 8:52
ஃபில்ற்றர் இல்லாட்டி டிஎச்சிபியை, அதாவது ரவுட்டர் போனுகளுக்கு ஐபி முகவரி குடுக்கிற இடத்தைப் பாருங்கோ. மக் மாற மாற ரவுட்டர் புது ஐபி குடுத்து, குடுக்கிற எண்ணிக்கை முடிஞ்சிருக்கலாம்.

கீரிமலைக்காத்து · காலை 9:05
சந்தி அண்ணை, பெயரைக் காட்டின உடன பிடிக்குது எண்டு முதல் பதிவிலயே இருக்கு. மக்கோ ஐபியோ பிழையெண்டா அப்பவும் பிடிக்காது. 'சேமிக்கப்பட்டது' எண்டு நிக்குது எண்டா போன் ரவுட்டரைக் காணவே இல்லை எண்டு அர்த்தம்.

வேலியோரம், நடக்கிறது இதுதான். ரவுட்டர் ஒரு செக்கனுக்குப் பத்துத் தரம் மட்டில, சரியாச் சொன்னா 102.4 மில்லிசெக்கனுக்கு ஒருக்கா, 'நான் இஞ்ச இருக்கிறன்' எண்டு ஒரு பீக்கன் விடும். மறைச்சாலும் அது நிக்காது. பெயர் இருக்கவேண்டிய இடம் மட்டும் வெறுமையாப் போகும். படலையில பெயர்ப்பலகை இல்லாத வீடு மாதிரி. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் உள்ளுக்கிருந்து குரல் வரும். போன் அப்பிடிக் கூப்பிடவேணுமெண்டா, இது மறைச்ச நெட்வேர்க் எண்டு அதின்ர பதிவில இருக்கோணும். உங்கட போன் இரண்டும் பெயர் தெரிஞ்ச காலத்தில சேமிச்சது. அந்தக் குறிப்பு அதுகளிட்ட இல்லை. அதால பெயரைக் கூப்பிடாமல், எப்பவாவது வரும் எண்டு கேட்டுக்கொண்டு மட்டும் நிக்குது.

செய்யவேண்டியது: நெட்வேர்க்கை 'ஃபொகெற்' குடுத்து முழுசா அழியுங்கோ. பழைய பதிவு கிடக்கேக்க மேலால சேர்க்காதேங்கோ. பட்டியலின்ர அடியில 'அட் நெட்வேர்க்' இருக்கு. பெயரை ரவுட்டரில இருக்கிற மாதிரியே அடியுங்கோ. பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினா வேற நெட்வேர்க். கீபோர்ட் காட்டுற சொல்லைத் தட்டி எடுத்தா கடைசியில ஒரு இடைவெளி தானா விழும், கண்ணுக்குத் தெரியாது, அதோட ஒருநாளும் பிடிக்காது. கையால எழுத்தெழுத்தா அடிக்கிறதுதான் நல்லம். செக்கியூரிட்டி முதல்ல 'நன்' எண்டு நிக்கும், அதை ரவுட்டரில உள்ள பாதுகாப்பு வகைப்படி டபிள்யூபிஏ2 ஆக மாத்துங்கோ. பிறகு 'அட்வான்ஸ்ட்', சாம்சுங்கில 'வியூ மோர்', அதைத் திறந்து 'ஹிடன் நெட்வேர்க்' எண்டதை ஓன் பண்ணுங்கோ. கனக்கப் பேர் விடுறது இந்தக் கடைசி இடத்தைத்தான். 'ஓட்டோ ரீகனெக்ட்' ஓனில இருக்கோ எண்டும் பாருங்கோ.

சரியோ எண்டு பாக்க, போனின்ர வைஃபையை ஓஃப் பண்ணி ஓன் பண்ணினாக் காணாது. ரவுட்டரின்ர கரண்டை நிப்பாட்டி இரண்டு நிமிசம் விட்டுப் போடுங்கோ.

பனையோலை · காலை 9:30
மறைப்பை எடு எண்டு சொல்லுறது லேசு. பக்கத்து வீட்டுப் பெடியள் பெயரைக் கண்டா பாஸ்வேர்ட் கேப்பினம். அயலுக்குள்ள முகத்தைப் பாத்து இல்லை எண்டு சொல்லேலாது. மறைச்சா கேள்வியே வராது.

பழைய_மொடெம் · காலை 9:47
நான் சொல்லுறதை விளங்கிக்கொள்ளுங்கோ. ஒரு போன் கனெக்ட் ஆகேக்க அந்தப் பெயர் மறைக்காமல் காத்தில போகும். கிஸ்மெற் மாதிரி இலவச மென்பொருள் ஒண்டு காணும், பெயர் வந்திடும். 'ஹிடன்' எண்டு சேர்த்த போன் யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டில நிண்டாலும் உங்கட வீட்டு நெட்வேர்க்கின்ர பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே நிக்கும். அந்த ஒப்ஷனைத் தொட்டா அன்ட்ரொயிட் தானே எச்சரிக்குது. ஐபோனும் பெயருக்குக் கீழ பிரைவசி எச்சரிக்கை போடும். பெயரை மறைச்சு உங்களையே காட்டிக்குடுக்கிறியள்.

பனையோலை · காலை 10:02
பஸ் ஸ்ராண்டில மென்பொருளோட ஆர் நிக்கினம்? எனக்கு அயல்தான் பிரச்சினை.

கீரிமலைக்காத்து · காலை 10:15
இரண்டு பேர் சொல்லுறதும் சரி, ஆனா வேற வேற விசயம். அயலுக்கெண்டா கெஸ்ட் நெட்வேர்க் ஒண்டு திறந்து வேற பாஸ்வேர்ட் போட்டு வேகத்தைக் குறைச்சுக் குடுக்கலாம், உங்கட கணினியையோ பிரின்ரரையோ அவை தொட ஏலாது. உண்மையான ஓட்டை பாஸ்வேர்ட். கனக்க வீடுகளில போன் நம்பர்தான் பாஸ்வேர்ட். 07 எண்டு தொடங்கினா மிச்சம் 8 இலக்கம், மொத்தம் 10 கோடி சாத்தியம். நல்ல கிராபிக்ஸ் காட் உள்ள கணினிக்கு ஒரு மணித்தியாலமும் தேவையில்லை. 12 எழுத்துக்குக் குறையாமல் போட்டு, டபிள்யூபிஎஸ்ஸை (பாஸ்வேர்ட் அடிக்காமல் பட்டனாலயோ பின் நம்பராலயோ இணைக்கிற வசதி) ஓஃப் பண்ணுங்கோ. மறைக்கிறதும் விடுறதும் அதுக்குப் பிறகு.

வேலியோரம் · மாலை 5:10
சாம்சுங் சரி. கரண்ட் போய் வந்தும் பிடிச்சுது. ரெட்மி அப்பிடியே செய்தும் ஒருநேரம் பிடிக்குது, ஒருநேரம் இல்லை.

கோண்டாவில்_சந்தி · மாலை 5:22
ரெட்மியில பற்றரி சேவர் இருக்கும். நிப்பாட்டிப் பாருங்கோ.

கீரிமலைக்காத்து · மாலை 5:25
ரெட்மி 5 ஜிகாவில எல்லோ. ரவுட்டரின்ர ஸ்ரேற்றஸ் பக்கத்தில 5 ஜிகாவுக்கு நேர என்ன சனல் எண்டு பாத்துச் சொல்லுங்கோ.

வேலியோரம் · மாலை 5:41
செற்றிங் ஓட்டோ. இப்ப 100 எண்டு காட்டுது.

கீரிமலைக்காத்து · மாலை 5:58
அதுதான். 52 இல இருந்து 64 வரையும், 100 இல இருந்து 144 வரையும் உள்ள சனலுகள் ரேடாரோட பங்குபோடுற இடம். டிஎஃப்எஸ் எண்டு சொல்லுறது. அந்தச் சனலில கனக்கப் போனுகள் தானா முதல் வாய் திறக்காது, கேக்க மட்டும் செய்யும். நீங்கள் பெயரை மறைச்சிருக்கிறியள். கேட்டா பெயரில்லாத பீக்கன்தான் வரும், பெயரைக் கூப்பிடவும் வழியில்லை. 'ஹிடன்' எண்டு போட்டிருந்தும் நிக்கிறது இதாலதான். ஓட்டோவில ரவுட்டர் 36 இல ஏறின நேரம் பிடிக்கும், 100 இல ஏறின நேரம் பிடிக்காது. ஒவ்வொரு கரண்ட் வெட்டுக்குப் பிறகும் சனல் மாறலாம்.

ஓட்டோவை எடுத்துப்போட்டு 36, 40, 44, 48 இந்த நாலில ஒண்டைப் போடுங்கோ. சனலின்ர அகலத்தையும் பாருங்கோ. 160 மெகா எண்டு இருந்தா சனல் 36 எண்டு போட்டாலும் 64 வரை விரிஞ்சு திரும்ப ரேடாருக்குள்ள போகும். 80 போடுங்கோ. 2.4 ஜிகாவிலயும் ஓட்டோ எண்டா சனல் 1, 6, 11 இல ஒண்டை வையுங்கோ. 12, 13 இல இதே கோளாறு சில போனுக்கு வரும்.

பழைய_மொடெம் · மாலை 6:20
சனலை முதல் பதிவிலயே போட்டிருந்தா காலமையே முடிஞ்சிருக்கும்.

பனையோலை · மாலை 6:33
சனல் பாக்கவேணும் எண்டு தெரிஞ்ச ஆள் இஞ்ச வந்து ஏன் கேக்கப்போறார்? கேக்கிற ஆளைப் பேசாமல் சொல்லிக் குடுங்கோ. மற்றது, கெஸ்ட் போட்டுப் பாத்தன், வேலை செய்யுது. ஆனா அதையும் மறைச்சுத்தான் வைச்சிருக்கிறன்.

வேலியோரம் · மறுநாள் இரவு 9:14
சனல் 44, அகலம் 80. நேற்று இரவும் இண்டைக்கும் கரண்ட் போனது, ரெட்மி இரண்டு தரமும் தானாப் பிடிச்சிட்டுது. நன்றி.