‘பிதாக்கள் பின்பற்றின பொய்கள்’: ஆமோஸ் 2:4இல் பொய் என்பது விக்கிரகமா?

தலவாக்கலை வேதபாடக் குழு (கேள்வி)

ஸ்தோத்திரம். வருகிற வெள்ளிக்கிழமை லயத்து வீட்டுக் கூட்டத்துக்கு ஆமோஸ் 2:4ஐ எடுக்கிறோம். தெற்கு ராஜ்யமான யூதாவைப் பற்றி, பிதாக்கள் பின்பற்றின பொய்களினால் மோசம்போனார்கள் என்று வருகிறது. அந்தப் பொய் விக்கிரகம்தான் என்று சிலர் சொல்கிறார்கள். கள்ளத் தீர்க்கதரிசிகளின் பேச்சு என்று வேறு சிலர். எது சரி? அப்பன் நம்பின பொய் பிள்ளைக்கு எப்படி வந்து சேருகிறது, சாபமாகவா, பழக்கமாகவா? கூட்டத்துக்கு வருகிறவர்களில் பலருடைய சொந்தபந்தம் கோயிலுக்குப் போகிறவர்கள். அவர்கள் மனம் நோகாமல் இதை எடுக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் இருக்கிறது.

பண்டாரவளை வாசகர்

அந்த வசனத்தில் இருக்கிற எபிரேயச் சொல் ‘கஸாப்’. அன்றாடம் பேசுகிற பொய்க்கு வரும் சொல்தான், விக்கிரகத்துக்கு வழக்கமாக வருவதில்லை. கள்ளத் தீர்க்கதரிசி என்ற விளக்கம் அதனால்தான் எழுந்தது. ஆனால் பக்கத்தில் நிற்கிற வினையைப் பாருங்கள்: ‘பின்னே நடந்தார்கள்’. உபாகமம் 8:19இல் அந்நிய தேவர்களைப் பின்பற்றுவதற்கு வருவதும் அதே தொடர். எரேமியா 2:5இல் மாயையைப் பின்பற்றி வீணராய்ப் போனார்கள் என்பதும் அதுவே. பழைய ஏற்பாட்டைச் செப்டுவஜிந்து என்ற கிரேக்க மொழிபெயர்ப்பாகச் செய்தவர்கள் இந்த இடத்தில் ‘அவர்கள் செய்த வீணானவைகள்’ என்றே எழுதிவிட்டார்கள். பொய்யைக் கையால் ‘செய்ய’ முடியாது, சிலையைத்தான் செய்ய முடியும். ஆகவே விக்கிரகம் என்ற பக்கத்துக்கே எடை அதிகம்.

அதற்காக ‘பொய்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘சிலை’ என்று போட்டுப் படிக்காதீர்கள். ஆமோஸ் வேண்டுமென்றே பொய் என்கிறான். எரேமியா 10:14இல் வார்ப்பித்த விக்கிரகம் பொய், அதில் ஆவி இல்லை. ஆபகூக் 2:18இல் அது பொய்யைப் போதிக்கிற வாத்தியார். வாயில்லாத ஒன்று எப்படிப் போதிக்கும்? ஏசாயா 44 அதைக் காட்டுகிறது. தச்சன் நூல் பிடித்து, கோடு கீறி, உளியால் செதுக்கி, கவராயத்தால் அளவெடுக்கிறான். அது மழையில் வளர்ந்த மரம். அதில் ஒரு பங்கை அடுப்பில் வைத்து அப்பம் சுடுகிறான், இறைச்சி பொரிக்கிறான், குளிர் காய்கிறான். மீதிக் கட்டைக்கு முன்னால் விழுந்து ‘என்னை இரட்சியும்’ என்கிறான். மரத்தில் பொய் இல்லை. அடுப்பில் எரிந்ததும் கையில் இருப்பதும் ஒரே கட்டை என்று அவன் தனக்குள் சொல்லாமல் இருக்கிறானே, பொய் அங்கே இருக்கிறது. 20ஆம் வசனம் ‘என் வலதுகையிலே அபத்தம் அல்லவோ’ என்று முடிவது அதனால்தான்.

ஹட்டன், பழைய ஏற்பாடு படிப்பவர்

மேலே சொன்னது சரி. ‘பிதாக்கள்’ என்ற பகுதிக்கு 1 இராஜாக்கள் 12ஐக் கட்டாயம் எடுங்கள். ஒரு பொய் பிறந்த இடமும், பிறப்பித்தவன் பெயரும், அவன் மனதில் இருந்த காரணமும் அங்கே பதிவாகியிருக்கிறது. ஜனங்கள் எருசலேமுக்குப் பலியிடப் போனால் மனம் யூதாவின் ராஜா ரெகொபெயாம் பக்கம் திரும்பிவிடும் என்று வடக்கு இஸ்ரவேலின் ராஜா யெரொபெயாமுக்குப் பயம் (வசனம் 27). இரண்டு பொன் கன்றுக்குட்டிகளைச் செய்து, உன்னை எகிப்திலிருந்து கொண்டுவந்த தேவர்கள் இவையே என்கிறான்.  சிலையோடு சேர்ந்து வரலாறும் மாறியது. அடுத்து ஆசாரிய ஊழியத்துக்குரிய லேவி கோத்திரத்தைச் சேராத ஆசாரியர்கள், அடுத்து நாட்காட்டி: ஏழாம் மாதம் 15ஆம் தேதிப் பண்டிகையை எட்டாம் மாதம் 15ஆம் தேதிக்குத் தள்ளினான். அந்த மாதத்தை அவன் தன் மனதிலே நியமித்துக்கொண்டான் என்று 33ஆம் வசனமே சொல்லிவிடுகிறது. ஏறத்தாழ 170 வருடம் கழித்து அந்தக் கன்றுக்குட்டிகளில் ஒன்று இருந்த பெத்தேலுக்கு ஆமோஸ் போனபோது, இது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம், இங்கே பேசாதே என்று ஆசாரியன் அமத்சியா விரட்டுகிறான் (7:13). தேதி மாற்றின கதையை அங்கே ஒருவரும் பேசுவதில்லை.

வீட்டுக்குள்ளே கைமாறுவதற்கு எரேமியா 7:18. வானராக்கினி என்ற பெண் தெய்வத்துக்குப் பணியாரம் சுட, பிள்ளைகள் விறகு பொறுக்குகிறார்கள், தகப்பன்மார் நெருப்பு மூட்டுகிறார்கள், பெண்கள் மாப் பிசைகிறார்கள். விறகு பொறுக்கப் போன பிள்ளைக்கு யாரும் உபதேசம் செய்யவில்லை. அதன் கை பழகிவிட்டது. வளர்ந்தபின் அந்தப் பழக்கம் காரணம் தேடிக்கொள்கிறது: 44:17-18இல், எங்கள் பிதாக்களும் ராஜாக்களும் இப்படித்தான் செய்தார்கள், அப்போது வயிறார அப்பம் இருந்தது, நிறுத்தினதிலிருந்து எல்லாம் குறைவு என்கிறார்கள். எரேமியா 16:19இல் பிதாக்கள் பொய்யை அடைந்தார்கள் என்பதற்கு வரும் வினை ‘நாகல்’. காணி பூமி சுதந்தரமாக வருவதற்குச் சொல்லும் சொல் அது. 1 பேதுரு 1:18இல் முன்னோரிடமிருந்து வந்த வீணான நடத்தையும் இதே கயிற்றில் கட்டியதுதான்.

தலவாக்கலை வேதபாடக் குழு

நன்றி ஐயா. அப்படியென்றால் ‘பரம்பரைச் சாபக்கட்டு’ என்று சொல்லி ஜெபிப்பது சரியா? பிதாக்களின் அக்கிரமம் பிள்ளைகளிடத்தில் மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் விசாரிக்கப்படும் என்ற யாத்திராகமம் 20:5ஐக் காட்டுவார்கள்.

ஹட்டன், பழைய ஏற்பாடு படிப்பவர்

அந்த வசனத்தைத் தனியே பிடுங்கி எடுத்தால்தான் அந்தப் பயம் வரும். மூன்றாம் நான்காம் தலைமுறைக்குப் பக்கத்திலேயே ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் நிற்கிறது. எசேக்கியேல் 18 முழுவதும் இதற்கான பதில். தகப்பன் திராட்சக்காய் தின்றால் பிள்ளையின் பல் கூசுமோ என்ற பழமொழியையே கர்த்தர் மறுக்கிறார். பிள்ளை தப்புவது எப்படி என்று 14ஆம் வசனம் சொல்கிறது: தகப்பன் செய்ததைக் கண்டு, அப்படிச் செய்யாதிருக்கிறான். முதலில் காண வேண்டும். கட்டு அறுக்கிற ஜெபத்தில் சத்தம் இருக்கும், இந்தக் ‘காணுதல்’ விடுபட்டுப்போகும். அதுதான் என் கவலை.

பண்டாரவளை வாசகர்

சொந்தக்காரர் விஷயத்துக்கு வருகிறேன், தம்பி. ஆமோஸ் 1ஆம் அதிகாரத்தை விட்டுவிட்டு 2:4இல் ஆரம்பிக்காதீர்கள். பெரும்பாலான கூட்டங்களில் பிசகுவது அங்கேதான். தமஸ்கு கீலேயாத்தை இருப்புக் கருவிகளால் போரடித்தது. காசா ஜனங்களை மொத்தமாகப் பிடித்து விற்றது. மோவாப் ஏதோம் ராஜாவின் எலும்பைச் சுண்ணாம்பாகச் சுட்டது. புறஜாதிகளில் ஒருவர்மேலும் ஆமோஸ் அங்கே விக்கிரகக் குற்றம் சுமத்தவில்லை, கொடுமையைத்தான் சொல்கிறான். ‘பொய்யைப் பின்பற்றினாய்’ என்பது வேதத்தைக் கையில் வைத்திருந்த யூதாவுக்கு மட்டும். பக்கத்து லயத்து முனியாண்டி கோயிலைக் காட்டி இந்த வசனத்தைப் பேசினால் அதன் முகத்தையே திருப்பிவிடுகிறோம். எரேமியா 16:19இல் புறஜாதிகள் பேசுவது தாங்களாகவே வந்து சொல்வது, யாரும் அவர்களைக் குற்றஞ்சாட்டிச் சொல்ல வைக்கவில்லை.

நம்மைப் பற்றித்தான் பேசுகிறது என்று காட்ட மீகா 6:10-16 நல்லது. கள்ளத்தராசு, கள்ளப் படிக்கற்கள் நிறைந்த பை, கபட நாக்கு. கொழுந்து நிறுக்கிற இடத்தில் நிற்கிற ஜனத்துக்குத் தராசை விளக்க வேண்டியதில்லை. இவ்வளவும் சொன்னபின் 16ஆம் வசனம் ‘உம்ரியின் கட்டளைகள்’ என்கிறது. வடக்கு இஸ்ரவேலின் ராஜாவான உம்ரி செத்து அப்போது நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. படிக்கல்லில் இருக்கிற பொய்யும் பலிபீடத்தில் இருக்கிற பொய்யும் ஒரே வீட்டுச் சொத்து என்கிறான் மீகா.

நேரம்: ஆமோஸ் 1:3 முதல் 2:5 வரை 20 நிமிடம், யெரொபெயாமுக்கு 25, எரேமியா 7உம் 44உம் 20, மீகா 10. மீதி 15 நிமிடத்தில் ஏசாயா 44ஐ ஒருவர் நிதானமாக வாசிக்கட்டும். அதை முன்னுக்கு வைத்தால் ஆட்கள் தச்சனைப் பார்த்துச் சிரித்துவிடுவார்கள். தங்களைப் பார்த்தபின் வாசித்தால் சிரிப்பு வராது.

தலவாக்கலை வேதபாடக் குழு

அப்படியே செய்கிறோம் அண்ணே. சின்னப் பிள்ளைகளும் இருப்பார்கள். ஆமோஸ் 1:13ஐ விடலாமா?

பண்டாரவளை வாசகர்

விடுங்கள். 1:3உம் 1:6உம் போதும். ஆனால் 2:4ஐப் பிள்ளைகளில் ஒருவரே வாசிக்கட்டும்.