வணிக விமானி பயிற்சி: முழுக் கட்டணத்தையும் முன்னதாகவே செலுத்தலாமா?

கேள்வி (நாமக்கல் தந்தை):
அனைவருக்கும் வணக்கம். என் மகள் இவ்வாண்டு இயற்பியல், கணிதப் பாடங்களுடன் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். சிறு வயதிலிருந்தே விமானியாக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு எண்ணமே இல்லை. நாங்கள் விசாரித்த ஒரு பயிற்சிப் பள்ளியில், முழுக் கட்டணத்தையும் இப்போதே கட்டினால் சலுகை உண்டு என்றும், 18 மாதங்களில் சிபிஎல் எனப்படும் வணிக விமானி உரிமம் கைக்கு வந்துவிடும் என்றும் சொல்கிறார்கள். வீட்டை அடமானம் வைத்தால்தான் அந்தத் தொகையைத் திரட்ட முடியும். அவள் எட்டாம் வகுப்பு முதல் கண்ணாடி அணிகிறாள் என்பதும் எங்களுக்குக் கவலையாக இருக்கிறது. வழி சொல்லுங்கள்.

பதில் (ஓய்வுபெற்ற பயிற்றுநர்):
ஐயா, மருத்துவச் சான்று கைக்கு வரும்வரை யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்) அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் இரண்டாம் வகுப்பு (கிளாஸ் 2) மருத்துவப் பரிசோதனையையும், பிறகு அதைவிடக் கடுமையான முதல் வகுப்பு (கிளாஸ் 1) பரிசோதனையையும் முடித்துவிடுங்கள். வணிக விமானி உரிமத்துக்கு முதல் வகுப்புச் சான்று கட்டாயம். பல குடும்பங்கள் இரண்டாம் வகுப்போடு பறக்கத் தொடங்கி, பாதிப் பணம் செலவான பிறகு முதல் வகுப்பில் ஏதோ ஒரு குறை தெரியவந்து கலங்கி நின்றதை நான் கண்டிருக்கிறேன். கண்ணாடி அணிவது தடையாகாது. கண்ணாடியோடு பார்வை உரிய அளவை எட்டினால் போதும். நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால்தான் சிக்கல், அதைக் கண்ணாடியால் சரிசெய்ய இயலாது.

பதில் (சேலம் வாசகர்):
நான் முழுத் தொகையையும் முன்னதாகவே கட்டி ஏமாந்தவன். பள்ளியின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. 18 மாதம் என்றார்கள், எனக்கு மூன்றரை ஆண்டுகள் ஆயின. விமானங்களின் எண்ணிக்கையைக் கேட்டேனே தவிர, அவற்றுள் அன்றாடம் பறப்பவை எத்தனை என்று கேட்கவில்லை. நான் செய்த பிழை அதுதான். 80 மாணவர்களுக்குப் பறக்கும் நிலையில் நான்கு விமானங்கள் இருந்து, ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் பறந்தால், ஒருவருக்குச் சராசரியாகக் கிடைப்பது கால் மணி நேரம். அந்தக் கணக்கில் உரிமத்துக்குத் தேவையான 200 மணி நேரப் பறத்தலை எட்ட 800 பறக்கும் நாட்கள் வேண்டும். மழையும் வடக்கே குளிர்காலப் பனிமூட்டமும் பராமரிப்பும் விழுங்கும் நாட்கள் இதில் சேரா. ஆகவே ஒரு வாரம் அங்கேயே தங்கி, காலையில் ஓடுதளத்தருகே நின்று எத்தனை விமானங்கள் எழும்புகின்றன என்று நீங்களே எண்ணிப் பாருங்கள், அங்கு படிக்கும் பிள்ளைகளிடமும் தனியாகப் பேசுங்கள். பறந்த மணிக்கேற்பத் தவணையில் கட்ட ஒப்புக்கொள்ளாத பள்ளியை நம்பாதீர்கள். நான் கட்டிய பணத்தில் ஒரு பகுதி இன்றுவரை திரும்பி வரவில்லை.

பதில் (துணை விமானி):
உரிமத்துக்கான எழுத்துத் தேர்வுகளுக்கு வீட்டிலிருந்தபடியே தயாராகி, அவற்றை முதலில் முடித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விமான வழிசெலுத்தல் (நேவிகேஷன்), வானிலையியல், விமான ஒழுங்குமுறைகள், தொழில்நுட்பம் ஆகிய தாள்களில் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 70 பெற வேண்டும், வானொலித் தொடர்புக்கான தேர்வு தனி. இவற்றை முடித்துவிட்டுச் செல்பவர்களுக்குப் பறத்தல் ஒன்றே வேலையாக இருக்கும். இதற்கு ஆகும் செலவு பறத்தல் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. உங்கள் மகளின் ஆர்வம் கடினமான பாடங்களையும் தாங்குமா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. உரிமம் பெற்றதும் வேலை கிடைத்துவிடாது. ஏர்பஸ் 320 போன்ற ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதியான டைப் ரேட்டிங்குக்குப் பெரும்பாலும் தனியாகப் பல லட்சங்கள் செலவாகும். வேலைக்காகக் காத்திருக்கும் காலத்திலும், கருவிவழிப் பறத்தல் தகுதியை (வெளியே பார்க்க முடியாதபோதும் கருவிகளைக் கொண்டு பறப்பதற்கானது) ஆண்டுதோறும் சோதனை கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். அடமானத் தொகையைக் கணக்கிடும்போது இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசு நிறுவனமான உத்தரப் பிரதேச ஃபர்சத்கஞ்ச் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உடான் அகாடமியின் நுழைவுத் தேர்வையும் அவள் எழுதிப் பார்க்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பணம் கட்டுவதை நிறுத்திவைத்துவிட்டேன். இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனைக்கு அடுத்த வாரம் செல்கிறோம். வானிலையியல் புத்தகத்தை மகள் இன்று மாலையே படிக்கத் தொடங்கிவிட்டாள்.