வெளியுறவு அமைச்சர்கள் பற்றித் தமிழில் புத்தகம் இருக்கிறதா?

நண்பர்களே, ஒரு சின்ன உதவி. தங்கையின் கல்லூரிக் கருத்தரங்குக்காக இந்திய வெளியுறவு அமைச்சர்களின் வரலாற்றைத் திரட்டிக்கொண்டிருக்கிறோம்.

1947 முதல் 1964இல் மறையும்வரை நேருவே பிரதமர் பதவியோடு இத்துறையையும் வைத்திருந்தார். அதே ஆண்டு ஸ்வரண் சிங் வந்தார். சரி, அதோடு தனி அமைச்சர் முறை நிலைத்துவிட்டது என்று பார்த்தால், 1967இல் இந்திரா காந்தி மறுபடி தன்னிடமே வைத்துக்கொண்டார்! 1977இல் வாஜ்பாய் ஐ.நா.வில் இந்தியில் பேசியது தெரியும்.

எங்களுக்குக் குழப்பமே வெளியுறவுச் செயலாளர் விஷயத்தில்தான். அவர் அதிகாரி, அமைச்சர் அரசியல்வாதி, அதுவரை புரிகிறது. ஆனால் ஜெய்சங்கர் இரண்டுமாக இருந்திருக்கிறாரே. கொள்கை முடிவில் யாருக்கு எவ்வளவு பங்கு? இதைத் தமிழில் எளிதாக விளக்கும் புத்தகமோ கட்டுரையோ தெரிந்தால் சொல்லுங்கள். அடுத்த வாரம் கருத்தரங்கு.