ஓய்வுக்குப் பிறகு பிள்ளைகளிடம் வெளிநாட்டில்: விசா, இன்சூரன்ஸ், ஆஸ்பத்திரி அனுபவங்கள்

டொராண்டோவிலிருந்து ஓர் அம்மா

கனடாவில் இருக்கும் பிள்ளைகளிடம் பெற்றோர் நீண்ட நாள் தங்கக் கொடுக்கும் சூப்பர் விசாவில் அம்மா அப்பாவை அழைக்கப் பேப்பர் தயார் செய்துகொண்டிருக்கும் பிள்ளைகள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். நான் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மகனோடு இருக்கலாம் என்று நானும் கணவரும் கனடா வந்தோம். வந்த இடத்தில் அவருக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

விசாவில் எங்களுக்குச் சிக்கல் வரவில்லை. மகன் அழைப்புக் கடிதம் கொடுத்தான். குடும்பத்தில் எத்தனை பேரோ அதற்கேற்ப அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச வருமானத்தைக் காட்டினான். கனடா அரசு அங்கீகரித்த டாக்டரிடம்தான் மெடிக்கல் எடுக்கவேண்டும், எடுத்தோம். குறைந்தது 1,00,000 கனடா டாலருக்கு, உள்ளே நுழையும் நாளிலிருந்து ஓராண்டுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். கொட்டேஷனை மட்டும் காட்டினால் ஏற்கமாட்டார்கள். முழுத் தொகையைக் கட்டியிருக்கவேண்டும், தவணை என்றால் முன்பணமாவது கட்டியிருக்கவேண்டும். 2022 ஜூலைக்குப் பிறகு ஒருமுறை நுழைந்தால் 5 ஆண்டு வரை தங்கலாம் என்று ஆனதால் பெரியவர்களுக்கு அலைச்சல் குறைந்திருக்கிறது. மனதார நன்றி சொல்லவேண்டிய மாற்றம் அது.

காப்பீடு எடுக்கும்போது எல்லாரும் அந்த ஒரு லட்சத்தைத்தான் பார்க்கிறார்கள். எந்தக் கம்பெனியில் பிரீமியம் குறைவு என்று பார்க்கிறார்கள். 'ஸ்டேபிலிட்டி பீரியட்' என்று உள்ளே ஒரு பக்கம் இருக்கும், அதைப் பார்ப்பவர்கள் குறைவு. ஏற்கெனவே உள்ள சுகர், பிரஷர், இதய நோய்க்கும் சேர்த்துக் காப்பீடு எடுத்தாலும், காப்பீடு தொடங்கும் நாளுக்கு முந்தைய 90 நாளோ 180 நாளோ அந்த நோயில் எந்த மாற்றமும் இருந்திருக்கக்கூடாது. எத்தனை நாள் என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். மாற்றம் என்றால் நோய் முற்றுவதை மட்டும் சொல்லவில்லை. புது மாத்திரை சேர்த்தாலும், பழைய மாத்திரையின் அளவைக் கூட்டினாலும், புதிதாக ஒரு டெஸ்ட் எழுதிக்கொடுத்திருந்தாலும் மாற்றம்தான். பல பாலிசிகளில் அளவைக் குறைத்தாலும் மாற்றம்தான்!

என் கணவருக்குப் பல வருஷமாகப் பிரஷர் உண்டு. கிளம்புவதற்கு முந்தைய மாதம் ரீடிங் நன்றாக இருக்கிறதென்று டாக்டர் மாத்திரையை 50 மில்லிகிராமிலிருந்து 25 ஆகக் குறைத்தார். சந்தோஷமாக வீட்டுக்கு வந்தோம். கனடாவில் குளிர்காலத்தில் ஒருநாள் விடிகாலை, நெஞ்சை அழுத்துகிறது, இடது தோள் வலிக்கிறது என்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். மகன் 911-ஐக் கூப்பிட்டான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் மருமகள் இன்சூரன்ஸ் அட்டையில் இருந்த அவசர நம்பருக்குப் பேசிவிட்டாள். சேர்வதற்கு முன்போ, முடியாதபோது கூடிய சீக்கிரமோ அந்த நம்பருக்குச் சொல்லவேண்டும் என்பது பெரும்பாலான பாலிசிகளின் நிபந்தனை. சொல்லாவிட்டால் தரும் தொகையில் கைவைப்பார்கள். அவள் வாங்கிய கேஸ் நம்பரைச் சொல்லித்தான் பிறகு எல்லாப் பேச்சும் நடந்தது.

ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். சிகிச்சையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வீடு திரும்பி அவர் நன்றாக நடமாடத் தொடங்கியபோது காப்பீட்டு நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. நம் ஊர் டாக்டரின் ஓ.பி. நோட்டை எங்களிடம் ஒப்புதல் வாங்கி வரவழைத்திருந்தார்கள். அதில் டாக்டர் 50 என்பதைப் பேனாவால் அடித்து, மேலே 25 என்று எழுதி, ஓரத்தில் தேதி போட்டிருந்தார். அந்த வரியைக் காட்டி, "நோய் நிலையாக இல்லை, கோரிக்கை ஏற்கப்படவில்லை" என்று எழுதியிருந்தார்கள்.

மகன் உடைந்துபோனான். மருமகள் பாலிசியை எடுத்து வரிவரியாகப் படித்தாள். கோரிக்கைக்குக் காரணமான நோய் நிலையாக இருந்ததா என்றுதான் எங்கள் பாலிசியின் ஷரத்து கேட்டது. இவருக்கு இதயத்தில் அடைப்பு இருப்பதாக அதற்கு முன் யாரும் சொன்னதில்லை, அதற்காக மருந்து சாப்பிட்டதும் இல்லை. மருந்து ஏன் குறைக்கப்பட்டது என்று நம் ஊர் டாக்டரிடம் கடிதம் வாங்கினோம். அடைப்பு இப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டது என்று இங்குள்ள இதய டாக்டர் எழுதிக்கொடுத்தார். இரண்டையும் இணைத்து மறுபரிசீலனை கேட்டோம். பல மாதம் காத்திருந்த பிறகு ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார்கள்.

மறுபடியும் மறுத்திருந்தால் ஓ.எல்.எச்.ஐ. என்ற குறைதீர் சேவைக்குப் போயிருப்போம். ஆயுள், மருத்துவக் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் தன்னாட்சி அமைப்பு அது. கட்டணம் கிடையாது. ஆனால் நிறுவனத்தின் இறுதி முடிவு எழுத்தில் கையில் இருந்தால்தான் அங்கே மனு போடமுடியும். அதனால் எதையும் போனில் பேசி முடிக்காதீர்கள், கடிதமாகக் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். காப்பீட்டுக்குப் பயந்து, தேவையான மருந்து மாற்றத்தைத் தள்ளிப்போடச் சொல்லாதீர்கள். உடம்புக்கு எது தேவையோ டாக்டர் அதைச் செய்யட்டும். டிக்கெட்டைத் தள்ளிப்போடுங்கள், இல்லையென்றால் மாற்றத்தைக் கம்பெனிக்குச் சொல்லி அவர்கள் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

நியூ ஜெர்சியிலிருந்து ஒருவர்

அம்மா, நீங்கள் எழுதியதை என் மகளுக்கும் அனுப்பினேன். அமெரிக்காவில் கதை வேறு மாதிரி.

பி-2 விசிட்டர் விசாவுக்குக் காப்பீடு கட்டாயம் இல்லை. அதனாலேயே நிறையப் பேர் எடுக்காமல் வந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி வராதீர்கள். இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் தருவோம் என்று தொகையை வரையறுத்திருக்கும். பிரீமியம் குறைவு, ஆனால் இங்கே வரும் பில்லுக்கு முன் அந்தத் தொகை நிற்காது. இன்னொன்று காம்ப்ரிஹென்சிவ். முதலில் நம் கையிலிருந்து போடவேண்டிய தொகையை (டிடக்டிபிள்) நாம் கட்டிய பிறகு, பாலிசி வரம்பு வரை பெரும்பகுதியை அவர்கள் ஏற்பார்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 'அக்யூட் ஆன்செட்' என்று போட்டிருப்பார்கள். எதிர்பாராமல் திடீரென்று வந்து, 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போனால் மட்டும்தான் அது செல்லும். மெதுமெதுவாக மோசமானால் செல்லாது. வயது கூடினால் அந்த வரம்பையும் சுருக்கிவிடுவார்கள். 70 தாண்டியவர்களுக்கு எடுக்கும்போது அந்தப் பக்கத்தைத் தனியாகப் படியுங்கள்.

என் மனைவி மாடிப்படியில் தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. எமர்ஜென்சிக்குப் போனோம். பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் அவசர நோயாளியைப் பரிசோதித்து, நிலைப்படுத்த வேண்டும் என்று 1986-லேயே இங்கே சட்டம் போட்டிருக்கிறார்கள். ஆனால் இலவசம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. பில் ஒன்றாக வராது. ஆஸ்பத்திரிக்கு ஒரு கவர், பார்த்த டாக்டருக்கு ஒன்று, எக்ஸ்ரே படித்த டாக்டருக்கு ஒன்று, எலும்பு டாக்டருக்கு ஒன்று என்று வாரக்கணக்கில் தபால் வந்துகொண்டே இருந்தது.

மகள் முதலில் ஐட்டம் வாரியான பில் கேட்டாள். ஒரே கட்டு இரண்டு இடத்தில் ஏறியிருந்தது, எடுத்துக் காட்டியதும் நீக்கினார்கள். காப்பீடு போக எங்கள் தலையில் விழுந்த பங்குக்கு நிதி உதவி விண்ணப்பம் கேட்டாள். லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரிகள் வரிவிலக்கு பெற வேண்டுமென்றால் நிதி உதவித் திட்டத்தை எழுத்தில் வைத்திருக்கவேண்டும். யாருக்கு, எவ்வளவு என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். கேட்காமல் யாரும் கூப்பிட்டுத் தரமாட்டார்கள். எங்களுக்கு ஒரு பகுதியைக் குறைத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லாத காய்ச்சல், சுளுக்குக்கெல்லாம் எமர்ஜென்சிக்கு ஓடாமல் 'அர்ஜென்ட் கேர்' கிளினிக்குக்குப் போனால் செலவு பல மடங்கு குறையும் என்பதையும் அப்போது தெரிந்துகொண்டோம்.

கிரீன் கார்டு வாங்கி வரும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. 65 வயது ஆனவுடன் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே வேலை பார்த்த கணக்கு உங்களுக்கோ துணைவருக்கோ இல்லையென்றால், கிரீன் கார்டோடு தொடர்ந்து 5 ஆண்டு வசித்த பிறகுதான் சேரமுடியும். அதிலும் ஆஸ்பத்திரிப் பகுதிக்குக்கூட மாதா மாதம் பிரீமியம் உண்டு. அதுவரை மார்க்கெட்பிளேஸ் என்ற அரசு காப்பீட்டுச் சந்தையில் காப்பீடு வாங்கலாம். பழைய நோய் இருக்கிறதென்று அங்கே மறுக்க முடியாது. விசிட்டர் காப்பீட்டோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று புரியும்.

தங்கும் காலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விசா 10 ஆண்டுக்கு இருக்கிறதே என்று இருந்துவிடக்கூடாது. நுழையும்போது ஐ-94 என்ற வருகைப் பதிவில் எதுவரை தங்கலாம் என்று பதியும் தேதிதான் கணக்கு. வந்த அன்றே இணையத்தில் எடுத்துப் பாருங்கள்.

லண்டனிலிருந்து ஒரு மகள்

நான் பெற்றோரை அழைத்த பக்கம். இங்கே என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவை இருக்கிறதே, எல்லாம் இலவசம்தானே என்று சொந்தக்காரர்கள் தைரியம் சொன்னார்கள். விசிட்டர் விசாவில் வருபவர்களுக்கு அது பாதிதான் உண்மை. ஏ அண்ட் இ என்ற அவசரப் பிரிவுக்குள் பார்க்கும் அவசர சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. வார்டில் சேர்த்துவிட்டால் அந்த நிமிடத்திலிருந்து கட்டணம், அதுவும் என்.எச்.எஸ். விலையில் 150 சதவீதம். 500 பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்து இரண்டு மாதம் தாண்டினால் தகவல் உள்துறைக்குப் போகும். அடுத்த விசாவை அதைக் காட்டியே மறுக்கலாம்.

அப்பாவுக்குச் சிறுநீரகக் கல் வலி வந்து ஏ அண்ட் இ-யில் உட்கார்ந்திருந்தோம். சேர்க்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதுமே வெளிநாட்டு நோயாளிகள் பிரிவிலிருந்து ஒருவர் வந்து பாஸ்போர்ட், விசா விவரங்களைக் குறித்துக்கொண்டார். அப்பா வலியிலும், "நான் வேண்டுமானால் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்மா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கும்போது அவருக்கு முன்பு ஒருமுறை கல் வந்ததையும் அம்மா மறைக்காமல் எழுதச் சொல்லியிருந்தார். அதனால் அவர்கள் மறுக்கவில்லை, முழுத் தொகையும் கிடைத்தது. பிரீமியம் கூடுமே என்று எதையும் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் பாலிசியையே செல்லாது என்று சொல்லிவிடலாம்.

நிரந்தரமாக அழைத்து வைத்துக்கொள்வது இங்கே மிகக் கடினம். 2012 ஜூலையில் விதியை இறுக்கிவிட்டார்கள். வயதானவருக்கு அன்றாட வேலைக்கே ஆள் துணை வேண்டும், அந்தத் துணை சொந்த நாட்டில் கிடைக்காது, அல்லது கட்டுப்படியாகாது என்று நிரூபிக்கவேண்டும். பணம் அனுப்பக்கூடிய பிள்ளை இங்கே இருக்கிறாரே என்றுதான் பெரும்பாலும் மறுக்கிறார்கள். பெற்றவர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க நினைப்பவர்களை இவ்வளவு வதைக்கும் விதியை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இன்னொருவர்

அடுத்த மாதம் நாங்களும் கனடா கிளம்புகிறோம். மாத்திரை எத்தனை மாதத்துக்கு எடுத்துப்போகலாம்? பென்ஷனுக்கு நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்கவேண்டுமே, அங்கிருந்து முடியுமா? முன்னதாகவே திரும்பிவிட்டால் கட்டிய பிரீமியம் போனதுதானா?

டொராண்டோவிலிருந்து அதே அம்மா

சார், கனடாவுக்குள் அதிகபட்சம் 90 நாளுக்கான மாத்திரை கொண்டுவரலாம். அட்டையைப் பிரிக்காமல், கடை ஒட்டிய லேபிளோடு எடுத்து வாருங்கள். பிராண்ட் பெயர் இங்கே யாருக்கும் புரியாது. ஒவ்வொரு மாத்திரையின் மூலப்பெயர், அளவு, எந்தத் தேதியிலிருந்து சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரிடம் ஆங்கிலத்தில் டைப் செய்து சீல் வைத்து வாங்குங்கள். அதற்கு மேல் தங்கினால் வாக்-இன் கிளினிக்கில் காட்டி இங்குள்ள சீட்டு வாங்கலாம். கிளினிக் கட்டணமும் மாத்திரைச் செலவும் கைக்காசுதான். வழக்கமான மருந்துகளை விசிட்டர் காப்பீடு ஏற்பதில்லை.

உயிர்வாழ் சான்றை ஜீவன் பிரமான் முக அடையாளச் செயலி மூலம் போனிலேயே கொடுக்கலாம். ஆதார் விவரம் சரியாக இருக்கவேண்டும். அது ஒத்துவராவிட்டால் இந்தியத் துணைத் தூதரகத்தில் நேரில் போய் வாங்கி, பென்ஷன் தரும் வங்கிக்கு அனுப்பலாம். 80 தாண்டியவர்களுக்கு அக்டோபரிலேயே தொடங்கிவிடும்.

பிரீமியம் போய்விடாது. கோரிக்கை எதுவும் போடாமல் முன்னதாகத் திரும்பினால், பல பாலிசிகளில் மீதி நாட்களுக்கான தொகையைத் திருப்பித் தருகிறார்கள், ஒரு சிறு நிர்வாகக் கட்டணம் பிடித்துக்கொண்டு. ஒரு சின்ன கோரிக்கை போட்டிருந்தாலும் அந்தத் தொகை கிடைக்காமல் போகலாம். அதனால் திரும்பும் எண்ணம் இருக்கும்போது, நூறு டாலர் கிளினிக் பில்லைக் கேட்பதா வேண்டாமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். திரும்பிப்போகும் நாளின் போர்டிங் பாஸைப் பத்திரமாக வையுங்கள். கனடாவை விட்டு எந்தத் தேதியில் கிளம்பினீர்கள் என்பதற்கு அதைத்தான் கேட்பார்கள்.