பஸ்ல போறப்ப புள்ளைக்கு எப்படி பால் குடுக்கிறீங்க?

உசிலம்பட்டி புள்ளைக்காரி:
அக்காமாரே, பையனுக்கு நாலு மாசம் ஆகப்போகுது, தாய்ப்பால் மட்டும்தான். வர்ற வெள்ளிக்கிழமை திருச்சியில நாத்தனாவுக்கு வளைகாப்பு, மதுரையில ஆரப்பாளையம் ஸ்டாண்டுல எறங்கி மாட்டுத்தாவணி ஸ்டாண்டு போய் பஸ் மாறணும். போன மாசம் ஒரு ஸ்டாண்டுல பாலூட்டும் அறைன்னு போர்டு பாத்து ஓடுனா, பூட்டிக் கெடக்கு. சாவி கேட்டா அங்கிட்டு கேளுங்கறாங்க, அங்கிட்டு போனா இங்கிட்டு கைய காட்டுறாங்க, புள்ள வீல்னு கத்துறான், எனக்கு பால் கசிஞ்சு ஜாக்கெட்டெல்லாம் நனைஞ்சு போச்சு. கடைசில சுவத்தப் பாத்து உக்காந்து குடுத்தேன். துப்பட்டா போட்டா ஒரே இழுப்பா இழுத்துடுறான். அத்தை என்னன்னா பவுடர் பால கரைச்சு எடுத்துட்டு போ, எதுக்கு மானக்கேடுங்கறாங்க. என்ன செய்ய?

ரெண்டு புள்ளைக்காரி:
துப்பட்டாவ விடு தங்கச்சி, நைலான் துணிய மூஞ்சில போட்டா இந்த வெயிலுக்கு நாமளே இழுத்து எறிவோம். நான் பழைய சுங்குடி சேலையில ஒரு துண்டு கிழிச்சு கழுத்துல முடிஞ்சுக்குவேன், காத்து போகும். சேலை கட்டுனா இன்னும் லேசு, ஜாக்கெட்ல கீழ்க்கொக்கி ரெண்டு கழட்டுனா போதும், மிச்சத்த முந்தானை பாத்துக்கும். ஜன்னலோரம் உக்காரு. முக்கியமா, கைய சப்ப ஆரம்பிச்ச உடனே குடுத்துடு, அவன் கத்துனாத்தான் பஸ்ஸே திரும்பிப் பாக்கும்.

மேலூர் நர்ஸ்:
பவுடர் பால் வேணாம்மா. ஆறு மாசம் வரைக்கும் தண்ணி கூட தேவையில்ல, தாய்ப்பால்ல முக்கால்வாசிக்கு மேல தண்ணிதான். போற வழியில கெடைக்கிற தண்ணியில பாட்டில கழுவி வயித்தால போய் வர்ற புள்ளைங்கள நாங்க பாக்குறோம். பீச்சி எடுத்துட்டுப் போகலாம், ஆனா 4 மணி நேரம் தாங்கும்ங்கிறது 25 டிகிரி சூட்டுக்குத்தான், நம்ம ஊரு பஸ்ஸுக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஐஸ் வச்ச பைல வைக்கணும்.

ஒரு அப்பா:
சிஸ்டர், ஆம்பள பேசுறேன்னு நெனைக்காதீங்க. 2015 ஆகஸ்ட்ல ஜெயலலிதா 352 பஸ் ஸ்டாண்டுல இந்த அறைகள தொறந்து வச்சாங்க, பூட்டி வைக்கவா? ஸ்டாண்டு நகராட்சி, மாநகராட்சி பொறுப்பு, கண்டக்டர்ட்ட கேட்டு பிரயோசனம் இல்ல. பூட்ட போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு அரசு புகார் நம்பர் 1100-க்கு போன் பண்ணி புகார் குடுங்க. அன்னிக்கு தொறக்க மாட்டாங்கதான், அடுத்த வாரம் வர்றவளுக்காவது ஆகும்.

உசிலம்பட்டி புள்ளைக்காரி:
நர்ஸக்கா சொன்னத அத்தைக்கு வாசிச்சுக் காட்டுனேன். "நாங்கல்லாம் திண்ணையில பத்து பேருக்கு முன்னாடி குடுத்தோம், எவன் பாத்தான்"னாங்க. அப்ப எனக்கு மட்டும் எதுக்கு பாட்டில்னு கேட்டேன், பதிலக் காணோம். சுங்குடி சேலை அவங்க பீரோவுலதான் இருக்கு, கேட்டு வச்சிருக்கேன்.